வேலியில் கிடந்த வலை

கண்டக்குழி. நாளை ஹலோவீன். கடலோர விடுதியில் பிளாஸ்டிக் அலங்காரம் கிடையாது. தேங்காய்ச் சிரட்டையில் விளக்கு, ஓலையில் வௌவால், எல்லாம் விருந்தினர்களாகிய நாங்களே செய்கிறோம். வேலியில் சும்மா கிடந்ததென்று விடுதிக்காரர் தந்த வலையை நான் சிலந்திவலையாக வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

தொழுகைத் தொப்பி போட்ட மீனவர் ஒருவர் வந்து நிற்கிறார்.

"தங்கச்சி, இது எங்கட வலை. கிழிசல் பொத்துறதுக்குப் போட்டிருந்தம்."

"எறிஞ்சதெண்டு நினைச்சிட்டன், நானா." இங்கே முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் அழைப்பார்கள்.

"வேலியில தொங்கினாக் குப்பையா? வாற கிழமை கடலுக்குப் போக இதுதான் இருந்திச்சு."

விடுதிக்காரர் ஓடிவருகிறார். "கோவிக்காதீங்க நானா. வாசலுக்கு மட்டும் ஒரு துண்ட விட்டுட்டுப் போங்க."

மீனவர் என் காலடியில் குனிந்து துண்டுகளைப் பொறுக்குகிறார். அவர் தலைக்கு மேலே, காலையில் நானே எழுதித் தொங்கவிட்ட பலகை ஆடுகிறது: 'குப்பையிலிருந்து கலை.'