மாரியை மாரியம்மாள் ஆக்கினேன்

இன்று பேங்க் கவுண்டரில் ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தேன். அங்கிருந்த பெண் சொன்னாள்: "தாத்தா, பேரைச் சுருக்காதீங்க, முழுசா எழுதுங்க!"

பேனா அப்படியே நின்றுவிட்டது. (நல்ல பேனாதான், அதன்மேல் குற்றமில்லை!)

ஏன் என்று ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். வாத்தியார் புத்தி, ரிட்டயரானாலும் போகாது!

1950களில், ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கும்வரை, ராயபுரத்தில் ஒரு தானியக் கிடங்கில் வேலை பார்த்தேன்.

யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று தினமும் எழுத வேண்டும். அந்தப் பட்டியலைப் பார்த்து யானைக்கவுனி ஆபீசில் கணக்கர் கூலி போடுவார். மூட்டை தூக்குபவர்களை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை.

அங்கே மாரி என்று ஓர் அக்கா. ஆண்களுக்குச் சமமாக மூட்டை தூக்குவார். எல்லோரும் கூப்பிடுகிறபடியே "மாரி" என்று எழுதிவந்தேன்.

சில மாதம் கழித்துப் புது நோட்டு வந்தது. அழகாக, மரியாதையாக, முழுப்பெயர் எழுதினேன்: மாரியம்மாள்.

அந்தச் சனிக்கிழமை அவருக்குப் பாதிக் கூலிதான் வந்தது!

"இன்னா நைனா இது? நான் ஒருநாள்கூட மட்டம் போடலியே!"

ஆபீசுக்கு ஓடினேன். கணக்கர் சிரித்தார்.

"அட, பொம்பளையா அது? இத்தினி நாளா ஆம்பளைன்னு நெனச்சிகினு கீறேன்!"

மாரி என்ற பெயர் ஆணுக்கும் பொருந்துமே!

"அதே மூட்டையைத்தானே சார் தூக்குறாங்க?"

"மூட்டைக்கு ஒரே வெயிட்டுதான் தம்பி. கூலிக்குத்தான் ரெண்டு ரேட்டு."

திரும்பி வந்து சொன்னேன். படிக்கத் தெரியாத மாரியக்கா நோட்டை எட்டிப் பார்த்தார்.

"எது நைனா அந்த 'அம்மாள்'? அத்த மட்டும் அழிச்சிடேன்."

அழித்து என்ன பயன்? கணக்கருக்குத்தான் தெரிந்துவிட்டதே!

அந்த முழுக் கூலியை நம்பித்தான் மாரியக்காவின் மகள் ராணி ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவளையும் தானியம் புடைக்க அழைத்து வந்துவிட்டார்.

"இவ பேரயும் எழுதிக்க நைனா. ஆம்பளைப் பேரா ஒண்ணு வெச்சிரலாம்னுதான் பாத்தேன். ரெட்டைச் சடை போட்டுகினு நிக்கிறா, எவன் நம்புவான்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். என்னால் முடியவில்லை. "ராணி" என்று எழுதினேன்.

பின்னாளில் வாத்தியாராகி, பாதியில் நின்றுபோன பிள்ளைகளின் பெயரை நானே அடிக்க நேர்ந்தபோதுதான் உறைத்தது. நான் கிடங்கு நோட்டில் அவள் பெயரை எழுதிய அதே வாரம், பள்ளி நோட்டில் யாரோ ஒரு வாத்தியார் அதை அடித்திருப்பார்.

ராயபுரத்து நண்பர்களே, எண்பது தாண்டிய ராணி என்று யாரையாவது தெரியுமா?

மன்னிப்புக் கேட்க வேண்டும்.