தாய்மாமன் ரத்தமும் வெனெட்டாவின் காபியும்

பிளோவ்டிவ் நகரத்து ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் நான் தரை துடைப்பவள். அங்கே கதிர்வீச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவள் வெனெட்டா. அந்த இரும்புப் பெட்டியை "மாப்பிள்ளை" என்றுதான் கூப்பிடுவாள். அது முறுக்கிக்கொண்டு நின்றால் முதலில் கொஞ்சுவாள், பிறகு திட்டுவாள். அவள் சிரிப்பு கீழ்மாடி வரைக்கும் கேட்கும்.

ஒரு காலை கெஞ்சோ வந்தார். மலையில் ஆடு வளர்ப்பவர். அவருடைய தங்கை மகள் ரலிட்சாவுக்கு ஆறு வயது. புற்றுநோய்க்குக் கொடுத்த மருந்து அவளுடைய வெள்ளை அணுக்களைத் துடைத்தெடுத்துவிட்டது. காலில் புண், இறங்காத காய்ச்சல். தாய்மாமனின் வெள்ளை அணுக்களை ஏற்றினால் பிழைக்க வழி உண்டு என்றார்கள் மருத்துவர்கள். அதற்காக முந்தின நாளே அந்த அணுக்களைப் பெருக்கும் ஊசி போட்டுக்கொண்டு, எலும்பெல்லாம் வலிக்க வந்து படுத்தவர், எடுத்த ரத்தப் பையைக் கதிர்வீச்சில் வைத்த பிறகே ஏற்றுவோம் என்று கேட்டதும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"செர்னோபில் அணு உலை வெடிச்சப்ப எனக்குப் பத்து வயசு. ஒண்ணும் ஆகாதுன்னாங்க. கீரையும் ஆட்டுக்கறியும் தின்னோம். இப்ப நீங்களும் அதையேதான் சொல்றீங்க!"

"அந்தக் கீரையை நானும் தின்னவதான் தம்பி," என்றாள் வெனெட்டா. "பாரு, எப்படி ஊதிப்போயிருக்கேன்!"

அவர் சிரிக்கவில்லை. "சொந்த ரத்தம்க்கா. அப்படியே ஏத்துங்க."

"சொந்தம்ங்கிறதுதான் வம்பே. உன் ரத்தத்துல ரெண்டு கூட்டம் இருக்கு. ஒண்ணு கிருமியைத் தின்னும். இன்னொண்ணு அந்நியரைத் தேடி அடிக்கும். பிள்ளைக்கும் உன் சாயல் இருக்கிறதால அந்த ரெண்டாவது கூட்டத்தைப் பிள்ளையோட உடம்பு விரட்டாம விட்டுடும். அது உள்ளயே உட்கார்ந்து பெருகி, பிள்ளையையே அடிக்கும்."

"என் மச்சான் மாதிரி," என்றார் கெஞ்சோ. "ரெண்டு நாள் தங்க வந்தான். இப்ப நான் தொழுவத்துல தூங்குறேன்."

"அதேதான்! இந்த இரும்பு மாப்பிள்ளை அதைப் பெருகவிடாம பண்ணிடுவான். கிருமி தின்னுற கூட்டத்துக்குப் பெருகவே வேண்டாம். வந்த வேலையை முடிச்சுட்டுப் போயிடும்."

"பையில கதிர் ஒட்டிக்கிட்டு இருக்காதா?"

தினமும் காலையில் ஒரு தண்ணீர்ப் பையை உள்ளே வைத்து இயந்திரத்தைச் சோதிப்பது வழக்கம். அன்று கதிர் வாங்கிய பை மேசையிலேயே கிடந்தது. வெனெட்டா அதைக் கத்தரித்தாள். தண்ணீரைச் செம்புக் குவளையில் ஊற்றி அடுப்பில் வைத்து, காபித்தூள் போட்டாள். நான் துடைப்பத்தைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். அவள் ஊதி ஊதிக் குடித்தாள்.

"மினுமினுக்கிறேனா பாத்துச் சொல்லு."

கெஞ்சோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். "பிள்ளைக்குப் போற கதிரை முதல்ல நான் குடிச்சுப் பாக்கிறேன்." குடித்ததும் முகத்தைச் சுளித்தார். "சர்க்கரையே போட மாட்டியாக்கா?"

மறுபடியும் படுத்துக்கொண்டார்.

அதன்பிறகு இன்னும் சில முறை வந்து கொடுத்தார். கடைசி முறை அவர் படுத்திருந்தபோது, குழந்தைகள் பிரிவிலிருந்து நர்ஸ் ஓடிவந்தாள்.

"காய்ச்சல் விட்டுடுச்சு! புண் ஆறுது. எழுந்து உட்கார்ந்து, ஊசி போட வந்த டாக்டரைக் கடிச்சுட்டா!"

கெஞ்சோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது என் கூட்டம்தான். டாக்டரையும் கிருமின்னு நெனச்சிருக்கும்."

வெனெட்டாவின் சிரிப்பு கீழ்மாடியையும் தாண்டித் தெருவுக்கே கேட்டிருக்கும்.