கதிரின் மேல் போட்ட பழி

மகளுக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்தபோது அவளுக்குப் பதினோரு மாதம். விடுமுறைக்குத் தென்காசியில் அம்மா வீட்டுக்கு வந்திருந்தோம். எவர்சில்வர் குடம் ஒன்று மாடிப்படியில் உருண்டு விழுந்தது. எதிர்வீட்டுக்காரர்கூட எட்டிப் பார்த்தார். படிக்குக் கீழே விளையாடிக்கொண்டிருந்தவள் மட்டும் திரும்பவில்லை.

அப்போது நான் ஐரோப்பாவில் ஒரு துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். சிலிக்கான் தகடுகள்தான் என் வேலை. மெல்லிய தகட்டில் ஆயிரக்கணக்கான நுண்ணிய கோடுகள் இருக்கும். துகள்களை மோதவிடும்போது தெறித்து வரும் துகள் தகட்டைத் துளைத்துப் போகும்போது ஏதோ ஒரு கோட்டில் துளி மின்சாரம் விழும். அடுக்கடுக்காக நிற்கும் தகடுகளில் அந்தப் புள்ளிகளைச் சேர்த்தால் துகள் போன பாதை தெரியும். நான் தூசி புகாத அறையில் உட்கார்ந்து அந்தத் தகடுகளுக்கு முடியைவிடச் சன்னமான கம்பி இணைப்பேன், சோதிப்பேன். பிள்ளை வயிற்றில் இருந்த மாதங்களில் துகள்களின் கதிர் ஓடும் சுரங்கத்துப் பக்கமே போகவில்லை. சட்டையில் குத்தியிருக்கும், கதிர்வீச்சை அளக்கும் என் அட்டையும் மாதாமாதம் ஒன்றுமில்லை என்றே காட்டியது.

எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னேன்.

“அந்த மிசின்கிட்டயே கெடந்தா வயித்துப் பிள்ள என்னத்துக்கு ஆகும்? படிச்சவதானட்டி நீ?” என்றாள். விசாரிக்க வந்தவர்களிடமும் அதையே சொன்னாள். என் கணவர் அம்மாவின் அண்ணன் மகன், புளியங்குடிக்காரர். அவர் ஒருதடவைகூட மறுத்துப் பேசவில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அரிக்கத் தொடங்கியது. அந்த அட்டை அறிக்கைகளை எத்தனை முறை திறந்து பார்த்திருப்பேன்! கடைசியில் வேலையை விட்டுவிட்டுத் தென்காசிக்குப் பக்கத்தில் குத்துக்கல்வலசையில் வீடு பார்த்து வந்துவிட்டோம். மகளுக்கு அறுவை சிகிச்சை செய்து உள்காதுக் கருவி வைத்தார்கள். பேச்சுப் பயிற்சிக்கு நான்தான் கூட்டிப்போவேன்.

மகளுக்கு ஐந்து வயதானபோது மரபணுச் சோதனைக்குப் போனோம். டாக்டர் எங்கள் குடும்ப மரத்தை வரைந்துகொண்டே, “சொந்தத்துல வேற யாருக்காவது பிறவியிலேயே காது கேக்காம இருந்துச்சா?” என்று கேட்டார்.

“எங்க வம்சத்துல அப்படி யாரும் கெடையாது டாக்டர்,” என்றாள் கூட வந்திருந்த அம்மா, பட்டென்று.

முடிவு வந்தது. எனக்கும் கணவருக்கும் ஒரே மரபணுவில் ஒரே பழுது. ஒருவருக்கு ஒரு பிரதி மட்டும் பழுதென்றால் வெளியே ஒன்றும் தெரியாது. தாயிடமிருந்தும் தகப்பனிடமிருந்தும் பழுதான பிரதியே வந்து சேர்ந்தால் பிள்ளைக்குக் கேட்காது. கதிருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அம்மாவிடம் சொன்னதற்கு, “டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க,” என்று எழுந்து போய்விட்டாள்.

அந்த ஆண்டு சீசனுக்குக் குற்றாலம் போனோம். ஐந்தருவியில் மகளின் காதுக் கருவியின் வெளிப்பகுதியைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுக் குளிக்க விட்டேன். கணவரின் பக்கத்து வீட்டில் வளர்ந்த ஓர் அக்காவை அங்கே பார்த்தோம். நான் கூப்பிட்டும் மகள் திரும்பாததைக் கவனித்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: “அப்படியே அத்தைய உரிச்சு வச்சிருக்கா. அவளும் தோளத் தொட்டாத்தான் திரும்புவா.”

“எந்த அத்தை?”

“ஒங்க வீட்டுக்காரரோட அக்காதான். அன்னைக்கு லாரிக்காரன் எவ்வளவு ஹாரன் அடிச்சான்! நான் இந்தப் பக்கம் நின்னு கத்துதேன், அவ சிரிச்சிக்கிட்டே ரோட்டக் கடந்து வருதா.”

மாமா வீட்டுச் சுவரில் மாலை போட்ட அந்த மதினியின் படத்தைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஏழு வயதில் லாரியில் அடிபட்டு இறந்தவள் என்று தெரியும். அவளுக்குக் காது கேட்காது என்று யாரும் சொன்னதில்லை.

“அத்தான், ஒங்களுக்குத் தெரியுமா?”

அவர் அருவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “வெளிய சொல்லக் கூடாதுன்னு அப்பா சொல்லிட்டாரு.”

நான் வெளியாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

ஈரத் துணியோடு அம்மா வீட்டுக்குப் போனேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“சொல்லியிருந்தா நீ அவனக் கட்டியிருப்பியா?” என்றாள்.

“அத விடும்மா. இத்தன வருசமா மிசின் மிசின்னு சொன்னியே, அது எதுக்கு?”

“ஏதாவது ஒண்ணு சொல்லணும்லா. எங்க அண்ணன் பேரு கெட்டுறக் கூடாதுன்னு நெனச்சேன்.”

“அப்ப என் பேரு?”

அவள் அடுத்த காயை எடுத்தாள்.

அப்போது என் தங்கையைக் கணவரின் தம்பிக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலமே தங்கைக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். “மொதல்ல ரெண்டு பேரும் சோதிச்சுக்கோங்க. பெறகு ஒங்க இஷ்டம்.” அவள் சோதித்துக்கொண்டாள். அவளிடமும் அதே பழுது இருந்தது. கணவரின் தம்பி சோதித்துக்கொள்ள மாட்டேன் என்றான். கல்யாணப் பேச்சு நின்றுபோனது. குடும்பத்தைப் பிரித்தவள் நான்தான் என்று அம்மா சொல்கிறாளாம். நான் இங்கே ஒரு கல்லூரியில் பாடம் நடத்தப் போகும் நேரம் பார்த்து வந்து பேத்தியைக் கொஞ்சிவிட்டுப் போகிறாள்.

கணவர் மன்னிப்புக் கேட்டார். ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அவர் எதைச் சொன்னாலும் இன்னும் எதை மறைக்கிறார் என்றுதான் முதலில் நினைக்கிறேன்.

பழைய ஆய்வுக்கூடத்துக்கு எழுதிப் பார்த்தேன். என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்று அன்பாகப் பதில் போட்டார்கள்.

போன வாரம் மகள் அந்தக் கால என் படத்தைப் பார்த்தாள். வெள்ளை அங்கியும் கையுறையுமாக நிற்கும் படம். “இந்த வேலைய ஏம்மா விட்ட?” என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கேட்டாள். உனக்காகத்தான் என்பது வாய்வரை வந்துவிட்டது. அதுவும் பொய்.

“அம்மாவ ஏமாத்திட்டாங்கம்மா,” என்றேன்.

“யாரு?”

அவளுக்கு ஆறு வயது. அதையும் சொன்னேன்.