பஸ்ஸை விட்டு இறங்காதவர்கள்

போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால், கோலார் தங்கவயலில் எங்கள் தெருவில் நடந்தது இது.

நான் பெங்களூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் படிக்கிறேன். தினமும் ரயிலில்தான் போய் வருகிறேன். வெளிநாட்டு மாணவர்களும் நம் மாணவர்களும் பழகுவதற்கென்று அங்கே ஒரு குழு உண்டு. தங்கச் சுரங்கம் இருந்த ஊரைப் பார்க்க ஒரு நாள் பயணம் என்றார்கள். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று நான்தான் சொன்னேன். குழுவின் பொறுப்பாளர் மேடமும் சரி என்றார்.

எங்களுடையது சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீடு. வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கும். ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் லைன் முழுக்க வேலை செய்யும். அன்றும் தெருவிலேயே அடுப்பு மூட்டிச் சிக்கன் பிரியாணி இறக்கினார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நாற்காலி வந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா, இஸ்திரி போட்ட சட்டையோடு, இருமிக்கொண்டே வாசலில் நின்றார்.

பஸ் தெருமுனையில் நின்றது. மேடம் மட்டும் இறங்கினார். சாக்கடையைப் பார்த்தார். வீடுகளைப் பார்த்தார்.

"சாரிம்மா, டைம் இல்ல. ஃபாரின் பசங்களுக்கு வயிறு கெட்டுப்போனா யார் பதில் சொல்றது? பஸ்லயே லஞ்ச் பாக்ஸ் இருக்கு."

என் வகுப்பில் படிப்பவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். முதல் வருஷத்திலிருந்து ஒரே பெஞ்சு. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தி கண்ணாடியை இழுத்து மூடினாள்.

கானாவிலிருந்து வந்த ஒருவன் மட்டும் இறங்கினான். சாப்பாடு இங்கேதானே என்று ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தான்.

"இன்னாடி இது, பஸ்ஸு நெறைய ஆளு கீறாங்க, எறங்கினவரு இவரு ஒருத்தருதானா?" என்றார் பக்கத்து வீட்டு அத்தை. நான் தட்டில் பிரியாணி போட்டு அவன் முன்னால் வைத்தேன்.

தன் அப்பாவுக்கும் தங்கச் சுரங்கத்தில்தான் வேலை என்றான் அவன். என் அப்பாவின் ஆங்கிலம் சுரங்கத்தோடு சரி.

"அண்டர்கிரவுண்டா? எந்த லெவல்?"

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. ஷிப்ட், சுரங்கத்துக்குள் ஆளை இறக்கும் கேஜ் என்று இருவரும் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார்கள். அப்பா இருமியபோது அவன் தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். அவன் அப்பாவுக்கும் இதே இருமலாம். அதற்குள் ஹாரன் அடித்தார்கள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினான்.

மீதிப் பிரியாணியை லைன்காரர்களே தின்றோம். அம்மா சாப்பிடவில்லை.

லீவு முடிந்து போனால் பல்கலைக்கழகச் சுவரில் பெரிய படம். அவனும் அப்பாவும் சிரிக்கிறார்கள். 'எல்லை தாண்டிய நட்பு' என்று கீழே போட்டிருந்தார்கள். பஸ் படியில் நின்று மேடம் எடுத்த படம். சுற்றிலும் காலியாகக் கிடந்த நாற்காலிகளை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள்.

தினமும் அதைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறேன். கானாக்காரனுக்கு எங்கள் வீடு தூரமாக இல்லை, என் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பவர்களுக்குத்தான் அது வெளிநாடு என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.