வேங்கிக்காலில் ஒரு ஆராய்ச்சியாளரைக் கணக்கில் சேர்த்தேன்

இன்று வேங்கிக்காலில் ஒரு வீட்டுக்கு இரண்டாம் முறையாகப் போனேன். கொஞ்சம் பயத்தோடுதான்.

நான் அரசு வேலைவாய்ப்பு சர்வேயில் ஒப்பந்தப் பணியாளர். டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், யார் என்ன படித்தார்கள், போன வாரம் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்பேன்.

(ரேஷன் கார்டுல பேர் சேர்க்க வந்திருக்கீங்களா என்று கேட்காத வீடே கிடையாது. இல்லை என்றதும் முகம் வாடாத வீடும் கிடையாது.)

நாட்டில் இத்தனை பேர் அறிவியல் படித்தவர்கள், அதில் இத்தனை பேர்தான் ஆராய்ச்சியில் இருக்கிறார்கள் என்று பேப்பரில் போடுவார்களே, அந்த எண்களில் ஒரு பகுதி இப்படிக் கதவு தட்டித்தான் கிடைக்கிறது.

சில மாதங்களுக்கு முன் அந்த வீட்டுக்கு முதலில் போனபோது வீட்டுக்காரர்தான் கதவைத் திறந்தார். டவுனில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்து, மோர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். நல்ல மனிதர்.

எல்லாக் கேள்விக்கும் அவரே மளமளவென்று பதில் சொன்னார்.

"உங்க வீட்டம்மா என்ன படிச்சிருக்காங்க?"

"டிகிரினு போட்டுக்குங்க மேடம்."

மோர் கொண்டுவந்த அவர் மனைவி அப்படியே நின்றார். (பெயரைச் சொல்லக் கூடாது. கவிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.)

"பிஎச்.டி.ங்க. பயிர் நோய் பத்தி," என்றார்.

"ஆமா, அதெல்லாம் முன்னாடியே முடிச்சிட்டா. இப்போ பாப்பாவப் பாத்துக்கிட்டு வீட்லதான் இருக்கா," என்றார் கணவர்.

அடுத்த கேள்வி, வேலை தேடுகிறாரா என்பது.

பார்க்கச் சின்னக் கேள்வி. ஆனால் இதற்கு 'இல்லை' என்றால் எங்கள் கணக்கில் அவர் தன் வீட்டு வேலையை மட்டும் பார்ப்பவர். நாட்டின் உழைப்பாளர் எண்ணிக்கையிலேயே வர மாட்டார். 'ஆமாம்' என்றால் வேலை கிடைக்காத ஒரு பிஎச்.டி. படித்தவர் இங்கே இருக்கிறார் என்பதாவது தெரியவரும்.

"இல்ல இல்ல, தேடல," என்றார் கணவர்.

முடிந்தவரை அவரவரிடமே கேட்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். "நீங்களே சொல்லுங்க மேடம்," என்று கவிதா பக்கம் திரும்பினேன்.

அவர் என் காலி டம்ளரை வாங்கிக்கொண்டார்.

"தேடறேன்."

"எப்போலேர்ந்து?" இதைக் கேட்டது நான் இல்லை. கணவர்.

"பாப்பாவ ஸ்கூல்ல சேத்ததுலேர்ந்து. ரெண்டு மூணு எடத்துக்கு அப்ளை பண்ணியிருக்கேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே. இவங்க கேட்டாங்க, சொன்னேன்."

எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் டேப்லெட் விடவில்லை. வேலை கிடைத்தால் போகத் தயாரா என்று அடுத்த கேள்வி. தயங்கித் தயங்கி அதையும் கேட்டேன்.

"தயார்னு போட்டுக்குங்க," என்றார் கவிதா. கணவர் ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஸ்கூட்டியில் திரும்பும்போது மனசே சரியில்லை. கணக்கெடுக்கப் போனவள் ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட்டு வந்தேனா?

அதே வீட்டுக்கு மறுபடியும் போய்க் கேட்க வேண்டும் என்பது இந்த சர்வேயின் முறை. அதனால்தான் இன்று போனேன்.

கணவர்தான் கதவைத் திறந்தார். கையில் சீப்பு, பக்கத்தில் பாதி தலை பின்னிய பாப்பா.

"வாங்க மேடம். அன்னிக்கு உங்க மேல செம கோவம் எனக்கு," என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல. அப்புறம் நானே போய்க் கேட்டேன், நீ என்னதான் படிச்ச, சொல்லுனு. இலைல புள்ளி விழறதப் பத்தி அவ்ளோ நேரம் பேசறா. இவ்ளோ பேசுவாளானு ஆயிடுச்சு எனக்கு."

கொஞ்ச நேரத்தில் கவிதா வந்தார். வேலையிலிருந்து!

ஒரு விவசாயக் கல்லூரியில் ஆராய்ச்சித் திட்டம் ஒன்றில் சேர்ந்திருக்கிறார். தினமும் பஸ்ஸில் போய் வருகிறார். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும்.

"சம்பளம் கம்மி, அலைச்சல் ஜாஸ்தி," என்றார். "பேரும் ப்ராஜெக்ட் அசிஸ்டென்ட்தான். நான் எதுல வருவேன், உதவியாளரா?"

"பதவிய விடுங்க. என்ன செய்றீங்கனு சொல்லுங்க."

"அடி அண்ணாமலை பக்கம் மல்லாட்டைக் கொல்லைல, அதாங்க வேர்க்கடலைக் காட்டுல, நோய் விழுந்த இலைய எடுத்துட்டுப் போறேன். பூஞ்சையப் பிரிச்சு, எந்த ரகம் தாங்குது, ஏன் தாங்குதுனு பாக்கறேன்."

"அதுக்கு விடை ஏற்கெனவே இருக்குதா?"

"இருந்தா நான் ஏங்க வெயில்ல அலையறேன்?"

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? தெரியாத ஒன்றை முறையாகத் தேடுவதற்குப் பெயர்தான் ஆராய்ச்சி. ஆராய்ச்சியாளர் என்றே பதிந்தேன்.

எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை. இயற்பியல் முடித்துவிட்டு ஜவுளிக்கடையில் பில் போடும் ஒரு பெண்ணையும் இதே ஊரில்தான் பதிந்தேன். அறிவியல் படித்தவர் என்ற கணக்கில் அவர் உண்டு. அறிவியல் வேலை பார்ப்பவர் என்ற கணக்கில் இல்லை. அந்த இடைவெளி ரிப்போர்ட்டில் வெறும் சதவீதம். எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் ஞாபகம் வருகிறது.

உங்கள் வீட்டிலும் படித்துவிட்டு 'வீட்லதான்' இருப்பவர் யாராவது உண்டா? சர்வேக்காரி வரும்வரை காத்திருக்காமல் நீங்களே ஒருமுறை கேட்டுப் பார்க்கிறீர்களா?

கிளம்பும்போது கவிதா கேட் வரை வந்தார்.

"இந்த ரிப்போர்ட் வெளிய வரும்போது அதுல எங்க பேரெல்லாம் இருக்குமா?"

"பேர் இருக்காதுங்க. வெறும் எண்ணிக்கைதான்."

"பேர் வேணாங்க. ஆனா அந்த எண்ணிக்கைல நான் இருப்பேன் இல்ல?"

"இருப்பீங்க," என்றேன்.