பந்து மறையும் மூலை

எங்கள் தெருவுக்கு முதன்முதலில் டெலிவிஷன் வந்தபோது அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. 1978ஆம் வருடம் அக்டோபர் மாதம் அது. கப்பலில் வேலை பார்க்கும் வில்பிரட் விடுப்பில் வந்தபோது, சிங்கப்பூரில் வாங்கிய பெட்டியைக் கொண்டுவந்து முன்னறையில் வைத்தான். சென்னையில் காட்டுகிற படம் தூத்துக்குடி வரை எட்டாது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. மொட்டைமாடியில் மூங்கில் நட்டு, ஏரியலை நாலு திசைக்கும் திருப்பிப் பார்த்தான். கண்ணாடியில் புள்ளி புள்ளியாக மழைதான் பெய்தது.

முக்குக் கடை சங்கரபாண்டியன் அண்ணாச்சி வந்து பார்த்தார். "நல்ல மழைலா பெய்யுது! நம்ம ஊருல இங்கனயாவது பெய்யட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வில்பிரட்டுக்கு ரோசம் வந்துவிட்டது. டிரங்குப் பெட்டியிலிருந்து இன்னொரு சின்னப் பெட்டியை எடுத்தான். அதிலிருந்து இரண்டு வயர்கள் நீண்டன. ஒவ்வொரு வயரின் நுனியிலும் திருகுகிற குமிழ் ஒன்று இருந்தது. அதை டெலிவிஷனின் முதுகில் மாட்டியதும் மழை நின்று கண்ணாடி கறுப்பானது. நடுவில் விட்டு விட்டு ஒரு வெள்ளைக் கோடு. இந்தப் பக்கம் ஒரு குச்சி, அந்தப் பக்கம் ஒரு குச்சி. இரண்டுக்கும் இடையில் சின்னச் சதுரமாக ஒரு வெளிச்சம் ஓடியது. அதுதான் பந்தாம். குமிழைத் திருகினால் குச்சி ஏறும், இறங்கும். பந்தைக் குச்சியால் தட்டி அனுப்ப வேண்டும். டென்னிஸ் என்றான். பந்தின் வேகத்தையும், மட்டை என்று அவன் சொன்ன குச்சியின் அளவையும் மாற்றிவைக்கப் பெட்டியில் சுவிட்சு இருந்தது.

அக்டோபர் செபமாலை மாதம். எங்கள் தெருவில் தினமும் சாயங்காலம் ஒரு வீட்டில் கூடி செபமாலை சொல்வோம். அந்த வருடம் செபமாலை முடிந்ததும் எல்லாக் கால்களும் வில்பிரட் வீட்டுக்குத்தான் திரும்பின. மாதாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நானும் போனேன்.

ஆடுவது இரண்டு பேர் என்றால், ஆட்டத்தைப் பற்றிப் பேசுவது இருபது பேர். வில்பிரட்டின் மனைவி பிளாரன்ஸ், "வேகப் பந்து வச்சா எண்ணெயில கடுகு போட்ட மாதிரில்லா இருக்கு, கை தன்னால பதறுது" என்பாள். சங்கரபாண்டியன் அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டே வருவார். "சின்ன மட்டை வச்சு ஆடணும்வே. பெரிய மட்டை வச்சா வாசல மறிச்சு மாடு படுத்த மாதிரி, அதுல என்ன சாமர்த்தியம்?" என்பார். எனக்கு மெதுவான பந்தும் பெரிய மட்டையும்தான் பிடிக்கும். அது அவசரப்படாமல் போய் வரும். பார்த்துக்கொண்டிருந்தாலே மனசு அடங்கும்.

வளன் சொன்னதுதான் வேறுமாதிரி இருந்தது.

வளன் எனக்குக் கும்பாதிரி. அதாவது அவன் மூத்த மகளுக்கு ஞானஸ்நானத்தில் நான் ஞானத்தகப்பன். அந்த உறவுக்கு எங்கள் கடற்கரையில் அப்படித்தான் பேர். அதற்கு முன்பே நாங்கள் சோடி. புதுத்துறைமுகம் வருவதற்கு முன்னால், கப்பல்கள் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்க, சரக்கைத் தோணியில் இறக்கிய காலத்திலிருந்தே அவன் விஞ்ச் ஓட்டுகிறவன், நான் அவனுக்குக் கை காட்டுகிறவன். விஞ்ச் என்பது கப்பல் தட்டிலிருந்து கம்பிவடத்தால் பாரத்தைத் தூக்கி இறக்கும் எந்திரம். அதை ஓட்டுகிறவனுக்குக் கப்பலின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது. கப்பல் தட்டில் சரக்கு இறங்கி ஏறுகிற பெரிய வாயின் விளிம்பில் நின்று நான் உள்ளே பார்ப்பேன். கட்டைவிரலை நிமிர்த்தினால் தூக்கு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் இறக்கு. முஷ்டியை மூடினால் நில். உள்ளே எட்டுப் பேர் வேலை செய்வார்கள். அவர்கள் தலைக்கு மேல் இருபது மூட்டை தொங்கும். என் கையும் அவன் கையும் ஒன்றாக அசைந்தால்தான் அந்த எட்டுப் பேரும் வீட்டுக்குப் போய்க் கஞ்சி குடிப்பார்கள்.

அலையில் ஆடுகிற தோணியில்கூட வளன் பாரத்தை வைத்தால் தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துவது போலிருக்கும். வெளிநாட்டுக் கப்பல் அதிகாரிகளே நின்று பார்ப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், சொத்து சுகம் எதுவும் இல்லாதவன். ஆனால் விஞ்ச் ஆசனத்தில் உட்கார்ந்துவிட்டால் அவன் ராஜா. அது அவனுக்கும் தெரியும்.

அப்படிப்பட்டவன் இந்தக் குமிழ் ஆட்டத்தில் தினமும் தோற்றான். அதுவும் இடது பக்கம் உட்கார்ந்தால் பிளாரன்ஸிடம்கூடத் தோற்றான். மூன்றாவது நாள் குமிழைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்:

"ஏலே வில்பிரட், உன் பெட்டியில இடது பக்கம் கீழ்மூலை பழுது. பந்து அங்கன வந்ததும் முங்கிருது. பொறவு அந்தப் பக்கம் போய்த்தான் எந்திரிக்கி."

"முங்குதா? பந்து என்ன சங்கு குளிக்கவா போகுது அண்ணே?" என்றான் வில்பிரட். எல்லாரும் சிரித்தார்கள்.

"ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றார் அண்ணாச்சி.

"நீரு வந்து இங்கன உக்காந்து பாரும், அப்போ தெரியும்."

அண்ணாச்சி உட்கார்ந்து ஆடினார். பந்து அவருக்கு மறையவில்லை. வில்பிரட் ஆடினான். மறையவில்லை. வளனின் மனைவி ஞானசௌந்தரி, அதுவரை குமிழைத் தொடாதவள், "தள்ளுங்க, நான் பாக்கேன்" என்று இடது பக்கம் உட்கார்ந்தாள். வளன் அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்ணாடியைப் பார்த்தான்.

"இந்தா வருது... இந்தா முங்கிட்டு பாத்தியா!" என்று கை நீட்டினான்.

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் டொக் என்று சத்தம் கேட்டது. ஞானசௌந்தரி அந்தப் பந்தை அடித்துவிட்டிருந்தாள். "எங்க முங்குச்சு? நல்லாத்தான தெரியுது" என்று திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள்.

பிளாரன்ஸ் மட்டும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள்.

எனக்கு அப்போதே வேறொன்று நினைவுக்கு வந்தது. அந்த மாதத்தில் இரண்டு தடவை எங்கள் பாரம் கப்பல் வாயின் விளிம்பில் இடித்திருந்தது. ஒரு தடவை மூட்டை கிழிந்து உரம் கொட்டியது. வளன் பாரம் இடித்ததாக நான் அதற்கு முன் கண்டதில்லை. காற்று என்று அவன் சொன்னான். நானும் காற்று என்றே போர்மேனிடம் சொன்னேன். இப்போது யோசித்துப் பார்த்தால் இரண்டு தடவையும் அவனுக்கு இடது பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பனிமய மாதா கோயிலிலிருந்து வெளியே வந்ததும், "கும்பாதிரி, கடற்கரைக்கு வா" என்று அவனைக் கூட்டிப்போனேன். கவிழ்த்துப் போட்டிருந்த வள்ளத்தின் மேல் அவனை உட்காரவைத்தேன்.

"அந்தா நிக்கித தோணியோட பாய்மரத்தப் பாரு. தலையத் திருப்பாத. நான் கை காட்டுவேன், என்னன்னு சொல்லு."

"என்ன கும்பாதிரி, புதுசா சேந்த ஆளுக்கா சொல்லிக்குடுக்க?"

"எனக்காவ செய்யி."

அவன் வலது பக்கம் நின்று கை காட்டினேன். தூக்கு என்றான், இறக்கு என்றான். தப்பில்லை. பிறகு சுற்றி வந்து இடது பக்கம் நின்றேன். கட்டைவிரலை நிமிர்த்தினேன். அவன் பேசாமல் பாய்மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முஷ்டியை மூடி நீட்டினேன். நில் என்று அர்த்தம். இருபது வருடமாக அதைக் கண்டு அவன் நிற்காமல் இருந்ததில்லை.

"ஆரம்பி கும்பாதிரி, வெயில் ஏறுது" என்றான்.

என் முஷ்டி அவன் தோளிலிருந்து இரண்டு முழத்தில் இருந்தது. புனித லூசியம்மாளே என்று மனசுக்குள் கூப்பிட்டேன். கண் நோவுக்கு அவள்தான் பாதுகாவலி. "காட்டிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

அவன் தலையைத் திருப்பினான். என் கையைப் பார்த்தான். வெகுநேரம் அதையே பார்த்தான்.

"நான் தலையத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிடுதேன்" என்றான் கடைசியில். "உன் கை எனக்கு நேர்லதான நிக்கி. அது தெரியுது. அது போதும்லா?"

நான் முஷ்டியை இறக்கினேன்.

"விஞ்ச விட்டு எறங்குனா நான் யாரு கும்பாதிரி? மூட்டை தூக்கவும் வயசு போச்சு. நீ யாருட்டயும் சொல்லாத. நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

நான் சண்டை போடத் தெரியாதவன். வீட்டில் பிள்ளைகளைக்கூட அதட்டியதில்லை. ஆனால் விளிம்பில் நின்று கீழே பார்க்கிறவன் நான். அந்த எட்டுத் தலைகளும் எனக்குத்தான் தெரியும், அவனுக்குத் தெரியாது.

"நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆனா நாளைக்கு நீ அங்கன உக்காந்தா, நான் கை தூக்க மாட்டேன்."

அவன் எழுந்து மணலைத் தட்டிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் செபமாலை பிளாரன்ஸ் வீட்டில். ஞானசௌந்தரி தனியாக வந்தாள். செபமாலையின் ஐந்து தேவ இரகசியங்களில் எதைச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதே எனக்குத் தவறித் தவறிப் போனது. கடைசியில் சொல்லும் மாதா பிரார்த்தனை முடியும் சமயத்தில் வளன் உள்ளே வந்து பின்னால் முழந்தாளிட்டான். முடிந்ததும் யாரும் கூப்பிடாமலே டெலிவிஷன் முன்னால் போய் இடது பக்கம் உட்கார்ந்தான்.

"போடுல வில்பிரட். மெதுவா போறத வையி."

பந்து ஓடியது. அவன் குமிழைத் தொடவில்லை. உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு வலது கண்ணைப் பொத்தினான். பொத்தியபடியே அசையாமல் உட்கார்ந்திருந்தான். பந்து அவன் பக்கம் தவறித் தவறிப் போய், மேலே எதிர்ப்பக்கத்துக்கு எண் ஏறிக்கொண்டே இருந்தது.

"உன் பெட்டியக் கொற சொல்லிட்டேன்" என்றான் வில்பிரட்டிடம். "பெட்டி நல்லாத்தான் இருக்கு. மூலை எங்கண்ணுலதான் போயிருக்கு."

ஞானசௌந்தரி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அண்ணாச்சி தோளிலிருந்த துண்டை எடுத்து மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார். வில்பிரட் எட்டி சுவிட்சை அணைக்கப் போனான். "அணைக்காத, மத்தவிய ஆடட்டும்" என்றான் வளன்.

மறுநாள் காலை உரக்கப்பல். ஆட்கள் எல்லாம் கீழே இறங்கிவிட்டார்கள். வளன் விஞ்ச் பக்கம் போகாமல் போர்மேன் பொன்னுதுரை அண்ணாச்சியிடம் போய் நின்றான். நானும் பின்னால் நின்றேன்.

"அண்ணாச்சி, நான் இன்னைக்கு விஞ்சுல உக்காரல. இனியும் உக்காரல."

"ஏலே, என்ன, காலையிலேயே? மேலுக்கு முடியலையா?"

"இடது கண்ணு போச்சு. வலதுலயும் ஒரு பக்கம் இல்ல."

"எந்த டாக்டர் சொன்னாரு?"

"டாக்டர்ட்ட இன்னும் போவல. டெலிவிஷன்ல பந்து ஆடிப் பாத்தேன்."

போர்மேன் வாய்விட்டுச் சிரித்தார். "பந்து ஆடித் தோத்தவன் எல்லாம் எறங்குனா கப்பல்ல யாருல இருப்பா? ஏறி உக்காரு, நேரமாவுது."

"சிரிக்காதிய அண்ணாச்சி. கும்பாதிரியக் கேளுங்க."

போர்மேன் என்னைப் பார்த்தார். வளனும் பார்த்தான். கோபமில்லை அவன் முகத்தில். சொல்ல மாட்டேன் என்று நான் கொடுத்த வாக்கை அவனே திருப்பி வாங்கிக்கொண்டான் என்று புரிந்தது. "நெசம்தான் அண்ணாச்சி" என்றேன். "முன்னால ரெண்டு தடவ இடிச்சதும் காத்து இல்ல."

போர்மேன் சிரிப்பை நிறுத்தினார். கொஞ்ச நேரம் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு வேறு ஆளைக் கூப்பிட்டு அனுப்பினார். கீழேயிருந்து, "ஏலே, மேல என்ன, கலியாணமா நடக்கு? கொக்கிய எறக்குங்கல!" என்று ஒரு சத்தம் வந்தது. வளன் விளிம்புவரை போய் உள்ளே எட்டிப் பார்த்தான். இருபது வருடத்தில் அவன் அங்கே நின்று பார்த்தது அன்றைக்குத்தான். "இவ்வளவு ஆழமா?" என்றான் என்னிடம். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கப்பல் ஏணியில் இறங்கிப் போனான்.

அந்த வாரமே திருநெல்வேலியில் கண் டாக்டரிடம் போனோம். கண்ணுக்குள் நீரழுத்தம், போன பார்வை திரும்பாது, இருக்கிறதைச் சொட்டு மருந்து காப்பாற்றும் என்றார். தாமதித்திருந்தால் வலதும் போயிருக்கும் என்றார். ஆண்டவருக்குத் தோத்திரம். துறைமுகத்தில் அவனைக் கயிறுகள் வைக்கிற கொட்டகையில் போட்டார்கள். பாரம் கட்டும் கம்பிவடங்களை விரலால் தடவிப் பார்த்து, இழை விட்டிருப்பதை ஒதுக்குகிற வேலை. முதல் மாதம் அவனுக்கு அது சிறையாகத்தான் இருந்தது. என்னோடு சரியாகப் பேசவும் இல்லை.

வில்பிரட் மறுபடி கப்பல் ஏறும் நாளுக்கு முன்னால், ஒரு சாயங்காலம் வளனே என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"கும்பாதிரி, அந்தப் பெட்டியில ஸ்குவாஷ்னு ஒரு ஆட்டம் இருக்கு, தெரியுமா? நாலு நாளா அதைத்தான் ஆடுதேன். மட்டை ரெண்டும் வலது பக்கம். இடது பக்கம் வெறும் செவுரு. நான் அடிக்கேன், பந்து போகுது, போயி எனக்குத் தெரியாம ஆயிருது. ஆனா செவுத்துல பட்டதும் ஒரு சத்தம் வருது பாரு. அந்தச் சத்தத்துக்கு மட்டைய எங்க வைக்கணும்னு இப்போ கைக்குப் புடிபட்டுட்டு. நேத்து பிளாரன்ஸ செயிச்சுட்டேன். சின்ன மட்டையில!"

"வேகப் பந்தா, மெதுவா?"

"மெதுவாதான்" என்றான். "வா, நீ ஒரு கை ஆடு. அடிக்கிற சத்தம் வேற, செவுத்துச் சத்தம் வேற. உனக்கு வித்தியாசம் தெரியுதான்னு பாப்போம்."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.