பாடம் இங்கே, விசா அங்கே

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் ஒரு மாணவரைப் பற்றி எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காளவாசலில் நான் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தபோது அவர் தினமும் வருவார். ஒல்லியான உடம்பு, தூக்கமில்லாத கண்கள். லண்டனில் படித்துக்கொண்டிருந்தவர், அம்மா படுக்கையில் விழுந்ததால் ஊர் திரும்பி, கம்ப்யூட்டரிலேயே பாடம் கேட்டார். சந்தேகம் வந்தால் கையைத் தூக்கிவிட்டுத்தான் டைப் அடிப்பார்.

ஒருநாள் சோர்ந்துபோய்ச் சொன்னார்: “நாளைக்கு பிளைட் ஏறலைன்னா விசா போயிரும்ணே.”

“பாடம்தான் இங்கயே வருதே தம்பி?”

“அதான்ணே வம்பு. இங்கயே படிக்க முடியுதுல்ல, பெறகு விசா எதுக்குங்குறாக விசா ஆபீஸ்ல.”

“அப்ப அம்மாவை யாரு பாத்துக்கிடுவா?”

“அதுக்கும் ஒரு கம்ப்யூட்டர் இருந்தாச் சொல்லுங்கண்ணே” என்று சிரித்தார்.

மறுநாள் அவர் விமானம் ஏறவில்லை. வழக்கம்போல வந்து பாடம் கேட்டுவிட்டுப் போனார்.